புண்ணுக்கு எந்தத் துணி?

14 பவுண்டு 85 பென்ஸ், 17 பவுண்டு 48 பென்ஸ், 43 பவுண்டு 60 பென்ஸ். சர்க்கரை நோயாளிகளின் காலில் ஆறாமல் நிற்கும் புண்ணுக்கு எந்தக் கட்டு நல்லது என்று பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. மூன்று வகைத் துணிகளை ஒப்பிட்டதில் புண் ஆறுவதில் வேறுபாடு எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. செலவுக் கணக்கில் மட்டும் ஒன்று உறுதியாக வேறுபட்டது. ஒரு நோயாளிக்குச் சராசரியாக ஆன துணிச் செலவு. மேலே உள்ள மூன்று தொகைகளும் அவைதான்.

நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் ஜெஃப்கோட் தலைமையில், அரசுப் பணத்தில் நடந்த அந்த ஆய்வு 2009இல் வெளியானது. துணி விற்கும் நிறுவனம் எதுவும் அதற்குக் காசு கொடுக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தத் துறையில் அது அபூர்வம். குறைந்தது ஆறு வாரமாக ஆறாமல் இருந்த புண்ணோடு 317 பேர் சேர்க்கப்பட்டார்கள். யாருக்கு எந்தக் கட்டு என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்தது. முதல் குழுவுக்கு புண்ணில் ஒட்டாதபடி விஸ்கோஸ் நூலில் பின்னிய சாதாரண வலைத்துணி. இரண்டாவது குழுவுக்கு பொவிடோன் அயோடின் தோய்த்த துணி. நம் ஊரில் பீட்டாடின் என்று எல்லோருக்கும் தெரிந்த அதே மருந்து. மூன்றாவது குழுவுக்கு நீரை உறிஞ்சிக் கூழாக மாறும் செல்லுலோஸ் நாரால் ஆன நவீனக் கட்டு. 24 வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். சாதாரணத் துணியில் 38.7 சதவீதம், அயோடினில் 44.4 சதவீதம், நவீன நாரில் 44.7 சதவீதம் புண்கள் ஆறின.

இந்த எண்களைப் பார்த்ததும் இரண்டு விதமாகத் தவறு செய்ய முடியும். நவீனக் கட்டில் ஆறு சதவீதம் கூடுதலாயிற்றே, அது நல்லதுதானே என்பது ஒன்று. ஒவ்வொரு குழுவிலும் நூறு பேர் அளவில் மட்டுமே இருக்கும்போது இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே வந்துவிடும். மூன்றும் சமம் என்று நிரூபணமாகிவிட்டது என்பது மற்றது. அதுவும் சரியல்ல. ஆறு சதவீத வேறுபாடு உண்மையா, தற்செயலா என்று பிரித்தறிய ஒரு குழுவுக்கு ஆயிரம் பேருக்கு மேல் வேண்டும். வேறுபாடு தெரியவில்லை என்பது வேறு, வேறுபாடே இல்லை என்பது வேறு. ஆனால் இதை நிச்சயமாகச் சொல்லலாம்: மூன்று மடங்கு விலைக்கு மூன்று மடங்கு பலன் இல்லை, ஒன்றரை மடங்கும் இருக்க வாய்ப்பு குறைவு.

என்னை நிறுத்தியது வேறொரு கணக்கு. அத்தனை பேரும் பயிற்சி பெற்ற கால் சிகிச்சை மையங்களில் கவனிக்கப்பட்டவர்கள். ஆறு மாதம் ஆகப்போகிறது. எந்தத் துணியைக் கட்டினாலும் பாதிப்பேருக்கு மேல் புண் ஆறவில்லை. அப்படியானால் ஆறாத பாதியை ஆற விடாமல் தடுத்தது எது? துணியை மாற்றி மாற்றிப் பார்த்த ஆய்வுகளால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதில் கட்டுக்குக் கீழே, காலுக்குள்ளேயே இருக்கிறது.

நவீனக் கட்டுகளின் கதை ஒரு பன்றிக்குட்டியில் தொடங்குகிறது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், இளம் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை ஏற்படுத்தினார். சிலவற்றைக் காற்றாட விட்டார். சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடினார். காற்றில் விட்டவை காய்ந்து பொருக்குத் தட்டின. மூடியவை ஈரமாகவே இருந்தன. ஈரத்தில் இருந்த காயத்தின் மேல் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. பொருக்குக்கு அடியில் வழி தோண்டிக்கொண்டு போக வேண்டிய தோல் செல்கள், ஈரமான பரப்பில் தடையின்றி நகர்ந்தன என்பது விளக்கம். புண்ணைக் காய விடு, காற்றாட விடு என்று நம் பாட்டிமார் சொன்னதும், உலகத்து மருத்துவர்கள் பலர் அதுவரை நம்பியதும் ஒன்றுதான். 'நேச்சர்' இதழில் வந்த அந்தச் சிறு கட்டுரை அந்த நம்பிக்கையைப் புரட்டிப் போட்டது. அதன் மேல்தான் ஒரு பெரும் தொழிலே எழுந்தது.

விண்டர் கண்டது உண்மை. ஆனால் அது ஆரோக்கியமான ஓர் இளம் விலங்கின், புதிய, மேலோட்டமான காயம். இருபது வருடச் சர்க்கரை நோயில் நரம்பு மரத்து, ரத்தக்குழாய் சுருங்கி, உள்ளங்காலில் காய்ப்புக்கு நடுவே மூன்று மாதமாகக் குழியாய் நிற்கும் புண்ணுக்கும் அதற்கும் தூரத்து உறவுதான். அந்தத் தூரத்தை விளம்பரத் தாள்கள் ஒரே தாவலில் கடந்துவிடுகின்றன.

மருந்துக்கடையில் இன்று கிடைப்பவற்றைப் பார்ப்போம். கட்டினால் கூழாகிப் புண்ணை மூடும் ஹைட்ரோகொலாய்ட் தகடு. காய்ந்த அழுகலை இளக்கும் ஹைட்ரோஜெல். நீர் கோக்கும் புண்ணுக்குப் பஞ்சுபோன்ற பாலியூரிதேன் நுரைத் தகடு. கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் நார். இந்தக் கடைசிப் பொருளின் மூலம் நமக்கு அந்நியமல்ல. ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பறித்து வரும் பழுப்புப் பாசியிலிருந்தும் ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். அவர்கள் கைக்கு வரும் கூலிக்கும், மருத்துவமனைத் தரத்தில் சுத்திகரித்து உறையில் அடைத்து வரும் ஒரு தகட்டின் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு வேலை உண்டு என்பதை மறுக்கவில்லை. நீர் அதிகம் வடியும் புண்ணில் ஹைட்ரோஜெல்லை அப்பினால் சுற்றுத்தோல் ஊறி வெளுத்துப் பிய்ந்துவிடும். காய்ந்த புண்ணில் ஆல்ஜினேட்டை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அனுபவமுள்ள செவிலியர் இதைப் புண்ணைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். கேள்வி அதுவல்ல. இவற்றில் எதுவாவது சர்க்கரை நோய்ப் புண்ணைச் சாதாரணத் துணியைவிடச் சீக்கிரம் ஆற்றுகிறதா?

உலக ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு, ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக இந்தக் கேள்வியைக் கேட்டது. ஆல்ஜினேட்டுக்குக் கிடைத்தவை ஆறு ஆய்வுகள், மொத்தம் 375 பேர். நுரைத் தகட்டுக்கும் ஆறு ஆய்வுகள், மொத்தம் 157 பேர். அதாவது ஓர் ஆய்வுக்குச் சராசரியாக 26 பேர். ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசையில் உட்காருகிறவர்கள் அவ்வளவு இருப்பார்கள். ஹைட்ரோஜெல் மட்டும் ஆழமில்லாத புண்களில் சற்றே முன்னிற்பதாகத் தெரிந்தது. அந்த ஆய்வுகளின் தரம் சந்தேகத்துக்குரியது என்பதையும் காக்ரேன் குழுவினரே எழுதியிருக்கிறார்கள். 2015இல் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது வந்த முடிவு: எந்தக் கட்டும் மற்றொன்றைவிட மேலானது என்று சொல்ல வலுவான சான்று இல்லை, விலையையும், புண்ணின் ஈரத்தைக் கையாளும் வசதியையும் வைத்து முடிவெடுங்கள். எத்தனையோ ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு மளிகைக் கடைக்காரர் சொல்லியிருக்கக்கூடிய அறிவுரை.

கிருமி கொல்லும் கட்டுகள் தனி ரகம். வெள்ளி கலந்த துணி, வெள்ளி கலந்த களிம்பு, தேன் தோய்த்த கட்டு. 2007இல் வந்த ஓர் ஆய்வில் 134 பேருக்கு வெள்ளி கலந்த நாரும் ஆல்ஜினேட்டும் ஒப்பிடப்பட்டன; ஆறும் வேகத்தில் உறுதியான வேறுபாடு இல்லை. தேனின் கதை இன்னும் சுவாரசியமானது. பாகிஸ்தானில் 348 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. தேன் கட்டில் ஏறக்குறைய 76 சதவீதமும் உப்புநீர்க் கட்டில் 57 சதவீதமும் புண்கள் முழுதாக ஆறியதாகச் சொன்னது. கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தேன் எந்தக் கட்டில் இருக்கிறது என்று நோயாளிக்கும் தெரியும், கட்டு மாற்றுகிறவருக்கும் தெரியும். தேனில் நம்பிக்கை உள்ள ஊரில், தேன் வைத்த காலைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு பார்த்துக்கொள்வது மனித இயல்பு. சர்க்கரை நோயாளியின் காலுக்கான பன்னாட்டுப் பணிக்குழு இத்தகைய ஆய்வுகளையெல்லாம் பார்த்துவிட்டு, புண்ணை ஆற்றும் நோக்கத்துக்காக வெள்ளி, தேன், கொலாஜன், ஆல்ஜினேட், மூலிகை தோய்த்த கட்டுகள் ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023இல் பரிந்துரைத்தது.

அந்த 'வேண்டாம்' பட்டியலில் ஃபெனிடோயினும் உண்டு. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை அது. அதை விழுங்குகிறவர்களுக்கு ஈறு தடித்து வளர்வதைக் கண்டவர்கள், ஈற்றை வளர்க்கிற மருந்து புண்ணிலும் சதையை வளர்க்குமே என்று யோசித்தார்கள். மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவும் வழக்கம் இந்தியாவில் பல இடங்களில் உண்டு. யோசனையில் அழகு இருக்கிறது. சான்றில் இல்லை.

இவ்வளவு தூரம் சமநிலையிலேயே போன ஒப்பீட்டில் ஒரே ஒரு கட்டு தலை தூக்கியது. 2018இல் 'எக்ஸ்ப்ளோரர்' என்ற ஆய்வு வெளியானது. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையின் மைக்கேல் எட்மண்ட்ஸ் அதன் முதன்மை ஆசிரியர். 1981இலேயே அங்கே பல துறை மருத்துவர்களும் சேர்ந்து காலைப் பார்க்கும் மருத்துவமனைப் பிரிவைத் தொடங்கியவர் அவர். ஐந்து ஐரோப்பிய நாடுகளின் 43 மருத்துவமனைகளில் 240 பேர். நரம்பும் சேதமாகி, ரத்த ஓட்டமும் ஓரளவு குறைந்த புண்கள். சுக்ரோஸ் ஆக்டசல்ஃபேட் என்ற உப்பு கலந்த கட்டு ஒரு குழுவுக்கு. அந்த உப்பு மட்டும் இல்லாத அதே கட்டு மறுகுழுவுக்கு. நிறமும் ஒன்று, தொட்டால் தெரிவதும் ஒன்று. எது எவருக்கு என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. கட்டு ஆய்வுகளில் இந்த மறைப்பு அநேகமாக நடப்பதே இல்லை. துணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 20 வாரத்தில் உப்பு கலந்த கட்டில் 48 சதவீதம் ஆறின. கலக்காததில் 30 சதவீதம்.

ஆறாத புண்ணில் சில நொதிகள் அளவு மீறிச் சுரந்து, புதிதாக முளைக்கும் திசுவையே அரித்துக்கொண்டிருக்கும். இந்த உப்பு அந்த நொதிகளை அடக்குகிறது என்பது விளக்கம். செலவைத் தயாரிப்பாளரே ஏற்றார் என்பது ஒரு குறை. ஆயினும் ஆய்வின் அமைப்பு நேர்மையானது. பன்னாட்டுப் பணிக்குழு பரிசீலிக்கலாம் என்று சொல்லும் கட்டு இது. அதற்கும் நிபந்தனை உண்டு: சீழ் பிடிக்காத புண்ணாக இருக்க வேண்டும், மற்ற சிகிச்சைகளெல்லாம் சரியாகக் கொடுத்தும் இரண்டு வாரத்தில் அதிகம் சுருங்காததாக இருக்க வேண்டும். அந்த 'மற்ற சிகிச்சைகள்' எவை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அதே ஆண்டு இன்னொரு ஆய்வும் வந்தது. நோயாளியின் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, வெள்ளணுவும் தட்டணுவும் ஃபைப்ரினும் சேர்ந்த ஒரு வட்டப் படலமாக்கிப் புண்ணில் வைப்பது. பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடனில் 269 பேர். படலம் வைத்தவர்களில் 34 சதவீதம் ஆறின, வைக்காதவர்களில் 22 சதவீதம். பலன் உண்டு, ஆனால் வாரந்தோறும் ரத்தம் எடுத்துச் சுழற்றும் வசதி எத்தனை ஊரில் இருக்கிறது? புண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் வெற்றிடக் கருவியைப் பற்றியும் ஒரு வரி: பாதத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகு திறந்திருக்கும் பெரிய காயத்துக்கு அது உதவுகிறது. 2005இல் 162 பேரிடம் நடந்த ஆய்வில் 16 வாரத்தில் 56 சதவீதம் ஆறின, சாதாரணக் கட்டில் 39. உள்ளங்காலின் சாதாரணப் புண்ணுக்கு அது தேவையில்லை.

எங்கள் பகுதியில் ஒரு தையல்காரர் இருக்கிறார். வலது பெருவிரலுக்குக் கீழே, பாதப் பந்தில், ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் புண். ஏழு மாதமாக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். முதலில் பீட்டாடின், பிறகு வெள்ளிக் களிம்பு, பிறகு உறையில் வரும் விலை கூடிய தகடு. ஒவ்வொரு முறையும் புண்ணைப் பார்த்தவர்கள், அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்கவில்லை. தினமும் எட்டு மணிநேரம் அதே காலால் தையல் எந்திரத்தின் மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருந்தார். வலித்திருந்தால் அவரே நிறுத்தியிருப்பார். நரம்பு மரத்த காலுக்கு வலி தெரியாது. அதுதான் இந்த நோயின் சூழ்ச்சி.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் சர்க்கரை நோய் மருத்துவர்கள் அல்லர், தொழுநோயைப் பார்த்தவர்கள். 1930களில் இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால், தொழுநோயாளியின் பாதப் புண்ணை மாவுக்கட்டில் மூடி ஆற்றும் முறையைக் கையாண்டார். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது அதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். தொழுநோயாளியின் சதை தானாக அழுகுவதில்லை. உணர்ச்சியற்ற கால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நசுங்குவதால்தான் புண் வருகிறது, ஆறாமலும் போகிறது என்று காட்டினார். 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அதே மாவுக்கட்டைச் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் கொண்டுபோனார். உலகம் இன்று உள்ளங்கால் புண்ணுக்கு முதல் சிகிச்சையாகக் கொள்ளும் முறை, கொழும்பு வழியாகவும் வேலூர் வழியாகவும் போனது.

முழங்காலுக்குக் கீழிருந்து விரல்நுனி வரை பாதத்தோடு இறுகப் பொருந்தும் மாவுக்கட்டு அது. நடக்கும்போது பாரம் புண்ணிருக்கும் புள்ளியில் விழாமல் பாதம் முழுவதும், கெண்டைக்கால் வரை, பரவிவிடும். அமெரிக்க மருத்துவர் டேவிட் ஆம்ஸ்ட்ராங் 2001இல் 63 பேரிடம் நடத்திய ஒப்பீட்டைப் பாருங்கள். மாவுக்கட்டில் 12 வாரத்தில் 89.5 சதவீதம் ஆறின. கழற்றி மாட்டக்கூடிய 'பூட்' காலணியில் 65 சதவீதம். பாதிச் செருப்பில் 58.3. இவர்களின் புண்கள் ரத்த ஓட்டம் நன்றாக இருந்தவை. பிரிட்டிஷ் ஆய்வின் எண்களோடு நேரே வைத்துப் பார்ப்பது நியாயமாகாது. ஆனாலும் துணிகளுக்கிடையே ஆறு சதவீதத்தைத் தேடிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, பாரத்தை இறக்கும் முறைகளுக்கிடையே இருபத்தைந்து, முப்பது சதவீத வேறுபாடு கண்முன் நின்றது.

பூட் காலணியும் மாவுக்கட்டும் பாரத்தை ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் குறைக்கின்றன. பிறகு ஏன் இந்த வேறுபாடு? 2003இல் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் நோயாளிகளுக்குத் தெரியாமல் பூட்டிலும், தெரிந்தே இடுப்பிலும் அடி எண்ணும் கருவிகளை வைத்தார்கள். அன்றாட நடமாட்டத்தில் 28 சதவீதத்தை மட்டுமே பூட்டோடு நடந்திருந்தார்கள். மற்றதெல்லாம் பூட்டைக் கழற்றிவிட்டு. மாவுக்கட்டின் ரகசியம் அதைக் கழற்ற முடியாது என்பதுதான். கழற்றும் பூட்டையே சுற்றிக் கட்டிக் கழற்ற முடியாமல் ஆக்கிப் பார்த்த 2005 ஆய்வில், 52 சதவீதமாக இருந்த பலன் 83 சதவீதமாக உயர்ந்தது.

நெதர்லாந்தில் நடந்த இன்னோர் ஆய்வு நம் வீடுகளுக்கே நேராகப் பேசுகிறது. தனியாகச் செய்துகொடுத்த காலணியை நோயாளிகள் வெளியே 87 சதவீத நடைக்கு அணிந்தார்கள். வீட்டுக்குள் 61 சதவீதத்துக்குத்தான். வீட்டுக்குள் செருப்பு போடுவது அங்கே யாருக்கும் உறுத்தாது. அங்கேயே இப்படியென்றால், வாசலில் செருப்பைக் கழற்றாமல் நுழைவதே மரியாதைக் குறைவாக இருக்கும் நம் வீட்டில் என்ன நடக்கும்? சமையலறை, கொல்லை, மாடிப்படி, கோயில் பிரகாரம் எல்லாம் வெறுங்காலில்தான். மருத்துவர் எழுதிக்கொடுத்த, எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு வாசற்படியில் பத்திரமாக இருக்கும். வீட்டுக்குள் போட மட்டும் இன்னொரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். விலை கூடிய தகடு எழுதித் தருகிறவரைவிட அவர் அதிகம் தெரிந்தவர் என்பது என் கணிப்பு.

மாவுக்கட்டு எல்லோருக்கும் ஏற்றதல்ல. ரத்த ஓட்டம் மிகக் குறைந்த காலில் போட்டால் ஆபத்து. எலும்பு வரை சீழ் பிடித்த காலில் போடவே கூடாது. போடத் தெரிந்த கைகள் குறைவு. சித்திரை வெயிலில் மூன்று வாரம் அதைச் சுமப்பது வேதனை. ரத்த ஓட்டம்தான் தடை என்றால், அடைபட்ட குழாயைத் திறக்காமல் மேலே எதைக் கட்டினாலும் பயனில்லை. துணியின் வழியாக ஆக்சிஜன் உள்ளே போகாது. சீழ் பிடித்திருந்தால் கத்தியும் ஆண்டிபயாடிக்கும் வேண்டும். வெள்ளித் துணி வேண்டியதில்லை. காய்ப்பைச் சீவி எடுப்பது, சீழை அடக்குவது, ரத்த ஓட்டத்தைச் சீராக்குவது, பாரத்தை இறக்குவது. எக்ஸ்ப்ளோரர் கட்டுக்கான நிபந்தனையில் 'மற்ற சிகிச்சைகள்' என்று சொன்னது இவற்றைத்தான். இவையெல்லாம் முறையாக நடக்கிற இடத்தில் மட்டுமே ஒரு கட்டின் கூடுதல் பலனை அளக்கவே முடிந்தது. இவை நடக்காத இடத்தில் அந்தத் தகட்டை வாங்குவது, அடுப்பு பற்றவைக்காமல் விலை உயர்ந்த பாத்திரம் வாங்குவதைப் போன்றது.

விலை குறைந்த துணியே எப்போதும் லாபம் என்றும் சொல்லிவிட முடியாது. காஸ் துணியைத் தினமும் மாற்ற வேண்டும். காய்ந்து ஒட்டிய காஸைப் பிய்க்கும்போது புதிதாக வந்த சதையும் சேர்ந்து வரும். தினக்கூலிக்காரர் ஒருவர் கட்டு மாற்ற அரசு மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு; கூட வரும் மகளின் கூலியும் போச்சு; ஆட்டோக் காசு தனி. மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்கிற நுரைத் தகடு, விலை அதிகமானாலும் அவருக்கு மிச்சமாகலாம். வீட்டிலேயே மனைவி மாற்றக் கற்றுக்கொண்டால் ஒட்டாத சாதாரண வலைத்துணியே எல்லாவற்றிலும் மலிவு. துணியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு இப்படி வீட்டுக்கு வீடு மாறும். புண்ணின் ஈரம், மாற்றும் கை, போகும் தூரம், இழக்கும் கூலி. விளம்பரத் தாளில் இவற்றுக்கு இடமில்லை.

கையில் கிடைத்ததை வைத்துக் கட்டுவதற்கும் எல்லை உண்டு. மஞ்சள், காபித்தூள், சாம்பல் இவை புண்ணின் நிறத்தையே மறைத்துவிடும். சீழ் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நுரை பொங்கினால் சுத்தம் என்று ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் ஊற்றினால், முளைக்கிற புதுச் செல்களும் அதில் கருகும். வெறும் உப்புநீரே கழுவப் போதும்.

தையல்காரரின் எந்திரத்துக்கு அவருடைய மகன் மோட்டார் மாட்டிக் கொடுத்தான். காய்ப்பைச் சீவி, முன்பாதத்தைத் தூக்கிவைக்கும் செருப்பு கொடுத்தார் வேறொரு மருத்துவர். மேலே கட்டியது சாதாரண ஒட்டாத துணி. மூன்று மாதத்தில் புண் மூடியது. இதை வெற்றிக் கதையாக முடிக்கத்தான் ஆசை. மறு ஆண்டு ஐப்பசியில், மின்சாரம் போன ஒரு தீபாவளி அவசரத்தில், நாலு நாள் பழைய மிதிகட்டைக்குத் திரும்பியிருக்கிறார். அதே இடம் மறுபடி திறந்துகொண்டது. அவர் விதிவிலக்கல்ல. ஆறிய புண்களில் ஏறக்குறைய 40 சதவீதம் ஓராண்டுக்குள் திரும்ப வருகின்றன. ஐந்தாண்டில் 65 சதவீதம். திரும்ப வராமல் தடுக்கும் கட்டு எதுவும் இதுவரை விற்பனைக்கு வரவில்லை.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும். அவர் காலில் புண் வந்து கட்டு மாற்றிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு வாரமும் புண்ணின் நீள அகலத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நான்கு வாரத்தில் பரப்பு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிய புண்களில் 58 சதவீதம் 12 வாரத்துக்குள் ஆறின. அப்படிச் சுருங்காதவற்றில் 9 சதவீதம்தான் ஆறின என்று 2003இல் 203 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. பாதியாகவில்லை என்றால், வேறு துணி எழுதிக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். காலில் நாடி துடிக்கிறதா பாருங்கள், எலும்பு தட்டுப்படுகிறதா பாருங்கள், இந்த இடத்தில் பாரம் விழாமல் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அவர் வீட்டுக்குள் எப்படி நடக்கிறார் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.